ஆக்ஸ்பரோ ஹால்: கோட்டை வேஷம் போட்ட செங்கல் வீடு

2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஆக்ஸ்பரோ ஹால் என்ற பழைய வீட்டில் பரண் தரைப் பலகைகளைப் பெயர்த்தபோது, அடியில் பழங்கால எலிக்கூடுகள், பட்டுத் துண்டுகள், பொன் தீட்டிய ஒரு தோல் ஏட்டின் தாள், இரண்டாம் உலகப் போர்க்காலச் சாக்லேட் பெட்டி எல்லாம் கிடைத்தன. செய்தியோடு வந்த படத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் குழப்பம். சுற்றிலும் அகழி, நடுவில் 80 அடி உயர வாயிற்கோபுரம், உச்சியில் பல் பல்லாக மதில். பார்த்தால் கோட்டை. ஆனால் செய்தி அதை வீடு என்கிறது. 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று ஒருவர் எழுதுகிறார், 19ஆம் நூற்றாண்டு வேலை என்று இன்னொருவர் எழுதுகிறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஏன் என்று புரிய, கட்டடத்தின் மொத்த உருவத்தை விட்டுவிட்டுச் செங்கல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

மேனர் என்பது முதலில் வீடே அல்ல

ஆக்ஸ்பரோ ஹால் ஒரு மேனர் ஹவுஸ். இடைக்கால இங்கிலாந்தில் மேனர் என்றால் நிலமும் அந்த நிலத்தின் மீதான அதிகாரமும் சேர்ந்த ஓர் அலகு. ஜமீன் என்று நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். அதன் பிரபு குடியானவர்களிடம் வாரமும் உழைப்பும் வாங்குவார், சில்லறை வழக்குகளுக்குத் தானே மன்றம் கூட்டுவார். அந்த அதிகாரம் உட்காரும் இடம்தான் மேனர் ஹவுஸ். ஆகவே அது வெறும் குடியிருப்பாக இருந்தால் போதாது. வழக்குக் கச்சேரி, களஞ்சியம், விருந்துக்கூடம் எல்லாமாக இருக்க வேண்டும்; அதோடு தூரத்தில் வருகிறவனுக்கே ‘இங்கே ஒரு பெரிய மனிதர் இருக்கிறார்’ என்று தெரிய வேண்டும்.

ஆக்ஸ்பரோவில் அந்தப் பெரிய மனிதர் சர் எட்மண்ட் பெடிங்ஃபெல்ட். 1482இல் மன்னர் நான்காம் எட்வர்ட் அவருக்கு ஓர் உரிமம் கொடுத்தார். அந்த உரிமத்தைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

ஏன் கல் இல்லை, ஏன் செங்கல்?

ரோமானியர் பிரிட்டனில் செங்கல் சுட்டார்கள். தட்டையாக, தடித்த ஓடு போல இருக்கும். அவர்கள் போன பிறகு அந்தத் தொழிலே அங்கே அற்றுப்போனது. செயின்ட் ஆல்பன்ஸ் பேராலயக் கோபுரத்தை 11ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர்கள், பக்கத்தில் இடிந்து கிடந்த ரோமானிய நகரத்திலிருந்து பழைய செங்கல்லைப் பெயர்த்து வந்துதான் கட்டினார்கள். 13ஆம் நூற்றாண்டில் செங்கல் திரும்பி வருகிறது. சஃபோக்கில் உள்ள லிட்டில் வென்ஹாம் ஹால், இன்றும் நிற்கும் மிகப் பழைய செங்கல் வீடுகளில் ஒன்று. அப்போதும் அந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் தனிப் பெயர் இல்லை, ‘சுவர் ஓடு’ என்றுதான் அழைத்தார்கள். ‘பிரிக்’ என்ற சொல் 15ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது.

கிழக்கு இங்கிலாந்தில் செங்கல் பிடித்துக்கொண்டதற்குக் காரணங்கள் மூன்று.

1. நார்ஃபோக்கில் நல்ல கட்டடக்கல் கிடையாது. தீக்கல் எனப்படும் ஃபிளின்ட் ஏராளம், ஆனால் அதில் மூலை திருப்ப முடியாது. வெளியிலிருந்து கல் கொண்டுவந்தால், கல்லின் விலையைவிட வண்டிக்கூலியும் படகுக்கூலியும் அதிகம். களிமண் மட்டும் காலடியில் கிடந்தது.

2. எதிர்க்கரையில் இருந்த ஃபிளாண்டர்ஸ், ஹாலந்து, வட ஜெர்மனித் துறைமுகங்கள் எல்லாம் செங்கல் ஊர்கள். கம்பளி வாங்க வந்த கப்பல்களோடு செங்கல்லும் வந்தது, சூளை போடத் தெரிந்த ஆட்களும் வந்தார்கள்.

3. மோஸ்தர். முக்கியமான காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. 1430களிலும் 40களிலும் பெரிய செங்கல் மாளிகைகள் எழுப்பிய மூவரைப் பாருங்கள்: டாட்டர்ஷாலில் ரால்ஃப் கிராம்வெல், ஹெர்ஸ்ட்மான்சூவில் ரோஜர் ஃபைன்ஸ், கெய்ஸ்டரில் ஜான் ஃபாஸ்டால்ஃப். மூவரும் பிரான்சில் நடந்த போர்களுக்குப் போய்வந்தவர்கள், அங்கே செங்கல் கட்டடங்களைக் கண்ணால் பார்த்தவர்கள். டாட்டர்ஷாலுக்கு அருகில் நல்ல சுண்ணாம்புக்கல் கிடைத்தும், கிராம்வெல் செங்கல்லையே தேர்ந்தெடுத்தார்.

எனவே 1482இல் செங்கல் மலிவான மாற்றுச் சரக்காக இருக்கவில்லை. மரச்சட்டமும் மண்பூச்சுமான வீடுகளுக்கு நடுவே முழுக்கச் சிவப்பாக நிற்கும் கட்டடம் என்பது காசு பேசும் காட்சி.

ஒரு செங்கல்லின் ஓராண்டு

அந்தக் காலத்துச் சூளை வேலை பருவத்தோடு கட்டுண்டது. இலையுதிர் காலத்தில் களிமண் தோண்டிக் குவிப்பார்கள். குளிர்காலம் முழுக்க அது வெட்டவெளியில் கிடக்கும். மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து விரிந்து கட்டிகளை உடைக்கும். பனி செய்கிற இலவச வேலை அது. வசந்தத்தில் தண்ணீர் விட்டு மிதித்துப் பிசைவார்கள். கோடையில் மர அச்சில் அறுத்து, பச்சைக்கல்லை வரிசை வரிசையாக அடுக்கி, மேலே வைக்கோல் மூடி உலர்த்துவார்கள். காய்ந்த பிறகுதான் சூளை.

உலர்கிற நேரத்தில் கல்லுக்கு ஆயிரம் ஆபத்து. பழைய கல்லை உற்றுப் பார்த்தால் வைக்கோல் தாரை, அறுத்தவனின் விரல் பதிவு, சில சமயம் நாயோ பூனையோ நடந்துபோன காலடி கூடத் தெரியும். கல் கையால் செய்ததால் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. சுமார் 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 2 அங்குலம் அல்லது கொஞ்சம் கூடுதலான தடிமன். ஒவ்வொன்றும் ஒரு நூல் கோணலாக இருக்கும் என்பதால், அந்தக் கோணலை விழுங்க இரண்டு கல்லுக்கு நடுவே சுண்ணாம்புக் காரை தாராளமாக வைக்க வேண்டியிருந்தது. டியூடர் வம்ச மன்னர்கள் ஆண்ட காலத்துச் (1485–1603) சுவரில் வெள்ளை இணைப்புகள் அகலமாகத் தெரிவதற்குக் கொத்தனாரின் அவசரம் காரணமல்ல. கல்லின் இயல்பே அது.

நிறமும் சூளைக்குள் முடிவாவதுதான். மண்ணில் உள்ள இரும்பு சிவப்பைக் கொடுக்கிறது. விறகு நெருப்புக்கு மிக அருகில் மாட்டிய கல்லின் முனை, விறகுச் சாம்பலின் காரம் பட்டுக் கண்ணாடிபோல் உருகி, கருநீலமாகிவிடும். அளவுக்கு மீறி வெந்த அந்தக் கல்லை ஒதுக்காமல், அதையே வைத்துச் சிவப்புச் சுவரில் வைர வடிவக் கட்டங்கள் வரைந்தார்கள். டியூடர் காலச் சுவர்களில் இந்தக் கோலம் மிகப் பிரபலம். சூளையின் குறையை அலங்காரமாக்கிய சாமர்த்தியம்.

கல் அடுக்கும் முறை

சிவில் படித்தவர்களுக்கு ‘இங்கிலீஷ் பாண்ட்’, ‘ஃபிளெமிஷ் பாண்ட்’ என்ற சொற்கள் பழக்கம். தமிழ்நாட்டுப் பாலிடெக்னிக் பாடத்தில் இன்றும் உண்டு. மற்றவர்களுக்குச் சுருக்கமாக: கல்லின் நீளப்பக்கம் வெளியே தெரிய வைத்தால் நெடுக்குக்கல். சுவருக்குள் குறுக்கே செருகி முனை மட்டும் தெரிய வைத்தால் தலைக்கல். ஒரு வரி முழுக்க நெடுக்கு, அடுத்த வரி முழுக்கத் தலை என்று மாறி மாறி வந்தால் இங்கிலீஷ் பாண்ட். தலைக்கல் வரி சுவரின் இரண்டு முகத்தையும் ஊசிபோல் தைத்துப் பிடிப்பதால் பலம் அதிகம். ஒரே வரியில் நெடுக்கும் தலையும் அடுத்தடுத்து வந்தால் ஃபிளெமிஷ் பாண்ட். பார்க்க அழகு, வேலை நுணுக்கம். இங்கிலாந்தில் அதன் தொடக்க உதாரணங்களில் ஒன்று, 1631இல் கட்டிய கியூ அரண்மனை.

இந்த வேறுபாடு சுவரின் வயதைக் கணிக்க உதவும். ஒரு சுவரை 1480களுடையது என்று சொல்லிவிட்டு, அதில் ஒழுங்கான ஃபிளெமிஷ் பாண்டைக் காட்டினால் நம்பக் கூடாது.

வாயிற்கோபுரம்: காவலா, காட்சியா?

இப்போது அந்த உரிமம். மதில் உச்சியில் பல் பல்லாக எழுந்து நிற்கும் பகுதிக்குத் தமிழில் ஞாயில் என்று பெயர்; பின்னால் மறைந்து நின்று அம்பு விட வசதி. இங்கிலாந்தில் வீட்டுக்கு ஞாயில் வைக்க அரச உரிமம் வாங்கும் வழக்கம் இருந்தது. பெடிங்ஃபெல்ட் 1482இல் பெற்றது அதைத்தான். மேலோட்டமாகப் படித்தால், பிரபுக்கள் கோட்டை கட்டிக் கலகம் செய்யாதபடி மன்னர் வைத்த கட்டுப்பாடு என்று தோன்றும். ஆனால் கேட்டவர்களுக்கு மறுத்ததாகப் பதிவுகள் மிக மிகக் குறைவு. அதனால் இதை ஒரு கௌரவப் பட்டயமாகவே பல வரலாற்றாசிரியர்கள் பார்க்கிறார்கள். ‘என் வீட்டுக்கு ஞாயில் உண்டு’ என்று சொல்லிக்கொள்ளும் அந்தஸ்து.

கட்டடமே அதற்குச் சாட்சி சொல்கிறது. ஆக்ஸ்பரோ வாயிலுக்கு இரு பக்கமும் எண்கோணக் கோபுரங்கள், நடுவே வளைவு. அந்த வளைவுக்கு மேலே பெரிய ஜன்னல்கள். உண்மையில் தாக்குதலை எதிர்பார்க்கிறவன் வாசலுக்கு நேர் மேலே கண்ணாடி வைப்பானா? கோபுர உச்சியில் துருத்தி நிற்கும் வளைவுகளும் அப்படியே. போர்க்கோட்டையில் அவற்றின் நடுவே துளை விட்டுக் கீழே நிற்பவன் தலையில் கல்லைப் போடுவார்கள். இங்கே அவை வரிசையான அலங்காரம். சுவரும் பீரங்கி தாங்கும் தடிமன் அல்ல. அகழிக்கும் காவல் முதல் வேலை இல்லை. ஃபென்ஸ் என்ற சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கும் ஊர் இது. நீர் வடிய, மீன் வளர்க்க, வீட்டின் பிம்பம் தண்ணீரில் இரட்டையாகத் தெரிய அகழி பயன்பட்டது. இங்கிலாந்தில் அகழி சூழ்ந்த பழைய மனைகள் ஐயாயிரத்துக்கும் மேல். அத்தனையும் கோட்டைகளா என்ன?

சரி, அப்படியானால் முழுக்க நாடகமா? அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1469இல், அதாவது உரிமத்துக்கு 13 ஆண்டுகளுக்கு முன், இதே நார்ஃபோக்கில் ஃபாஸ்டால்ஃப் கட்டிய அந்தக் கெய்ஸ்டர் செங்கல் மாளிகையை நார்ஃபோக் பிரபு படையோடு முற்றுகையிட்டார். ஃபாஸ்டால்ஃபுக்குப் பின் அந்த வீட்டை வைத்திருந்த பாஸ்டன் குடும்பத்தின் சிறு காவலணி சில வாரங்கள் தாக்குப்பிடித்துவிட்டுச் சரணடைந்தது. சொத்துத் தகராறுதான் காரணம். அரியணைக்காக அரச குடும்பத்தின் இரு கிளைகள் மோதிய ரோஜாப் போர்களின் காலம் அது, நீதிமன்றத் தீர்ப்பை ஆள்பலம் மாற்றி எழுதிய காலம். படையை நிறுத்தாவிட்டாலும், இருபது அடியாட்களோடு வரும் பக்கத்து நிலக்காரனை ஒரு கதவும் அகழியும் நிறுத்தும். ஆக்ஸ்பரோ அந்த அளவுக்கான வீடு. அதற்கு மேல் தெரிவதெல்லாம் வேஷம்.

வேஷம் பலித்தது என்றே சொல்ல வேண்டும். 1487இல் ஏழாம் ஹென்றி மன்னரே இங்கு வந்து தங்கினார். வாயிலுக்கு நேர் மேலே உள்ள அறை இன்றும் ‘மன்னர் அறை’தான்.

உள்ளே: சுழல் படியும் ஒளிவறையும்

அந்த அறைக்கு ஏறும் படிக்கட்டுதான் இந்தக் கட்டடத்திலேயே கொத்தனாரின் உச்ச வேலை. ஒரு கோபுரத்துக்குள் சுழன்று ஏறும் படி, முழுக்கச் செங்கல். கற்கோட்டையில் சுழல் படி எளிது: ஒரே கல்லில் படியும் நடுத்தண்டும் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் போதும். 9 அங்குலச் செங்கல்லில் அது முடியாது. படிகளின் அடிப்பக்கம் சுழன்றுகொண்டே மேலேறும் வளைவாக, கல் கல்லாகச் சரித்துக் கட்ட வேண்டும். கைப்பிடிக்குத் தனி மரம் இல்லை. சுவருக்குள்ளேயே குடைந்ததுபோல், உருவம் கொடுத்த செங்கற்களை அடுக்கி, விரல் பதியும் பள்ளமாகக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

மன்னர் அறையை ஒட்டிய சிற்றறையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இங்கிலாந்து புராட்டஸ்டன்ட் நாடான பிறகும் பெடிங்ஃபெல்ட் குடும்பம் கத்தோலிக்கத்தை விடவில்லை. 1585 சட்டப்படி, வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குரு இங்கிலாந்தில் இருப்பதே ராஜத்துரோகம். தேடுதல் வந்தால் குருவை ஒளிக்க, தரை ஓடுகளோடு சேர்த்து அப்படியே திறக்கும் ஒரு மூடியும், கீழே ஓர் ஆள் குறுகி உட்காரும் பொந்தும் அமைத்தார்கள். கனத்த செங்கல் கட்டடத்தில் இப்படி ஒரு வெற்றிடத்தை மறைப்பது சுலபம். உள்ளே எவ்வளவு கல், எவ்வளவு காற்று என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது.

காணாமல் போன நான்காம் பக்கம்

ஆக்ஸ்பரோ முதலில் நடுமுற்றம் கொண்ட நான்கு பக்க வீடு. வடக்கே வாயிற்கோபுரம், அதற்கு நேர் எதிரே தெற்கே பெருங்கூடம். இடைக்கால வீட்டின் இதயம் அந்தக் கூடம்தான். அதன் ஒரு முனையில் உயர்த்திய மேடையில் பிரபு குடும்பம் சாப்பிடும், மறுமுனைக்கு அப்பால் சரக்கறையும் சமையலறையும்.

1775இல் அந்தக் குடும்பமே தெற்குப் பக்கத்தை இடித்தது. முட்டாள்தனம் என்று இன்றைக்குச் சொல்வது எளிது. 18ஆம் நூற்றாண்டில் யாரும் ஊரோடு உட்கார்ந்து ஒரே கூடத்தில் சாப்பிடவில்லை. தனி உணவறை, தனி வரவேற்பறை வந்துவிட்டன. பழைய கூடம் குளிர்ந்த, காலியான பெரிய டப்பா. ஆனால் விளைவு என்ன? அவ்வளவு பெரிய வாயிலின் அர்த்தமே, நுழைந்ததும் எதிரே கூடம் தெரிவதில்தான் இருந்தது.

19ஆம் நூற்றாண்டு எங்கே இருக்கிறது?

1830களில் குடும்பத்தின் ஆறாம் பாரனெட்டான (பாரனெட் என்பது பரம்பரைப் பட்டம்) சர் ஹென்றி, ஜே. சி. பக்லர் என்ற கட்டடக்கலைஞரை அழைத்து வந்தார். தென்கிழக்கு மூலைக் கோபுரம், துருத்து ஜன்னல்கள், முறுக்கிவிட்டதுபோல் நிற்கும் சுடுமண் புகைபோக்கிகள் எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவை. இன்று படத்தில் பார்த்ததும் ‘ஆகா, டியூடர்!’ என்று தோன்ற வைப்பதில் பாதி, பக்லரின் கைவேலை. வடக்கு வாயிற்கோபுரம்தான் பெருமளவு பழைய உருவில் நிற்கிறது.

இந்த மாதிரி வீட்டில் புதிது எது, பழையது எது என்று பிரித்தறிய:

1. அடுத்தடுத்த நான்கு கல்வரிசையின் உயரத்தை அளக்கலாம். இணைப்புக் காரையும் சேர்த்து 10, 11 அங்குலம் வந்தால் டியூடர் காலமாக இருக்க வாய்ப்பு. 12 அங்குலத்தைத் தாண்டினால் பிந்தியது.
2. கல் தடித்ததற்கு அரசு விதித்த வரியும் ஒரு காரணம். 1784இல் செங்கல்லுக்கு வரி போட்டார்கள், எண்ணிக்கைக்கு இத்தனை என்று. உடனே சூளைக்காரர்கள் கல்லைப் பெரிதாக்கினார்கள். 1850இல்தான் வரி ஒழிந்தது.
3. உடைந்த கல்லின் படுகைப் பக்கத்தில் பள்ளம் இருந்தால் அது டியூடர் கல் அல்ல. அந்தப் பள்ளம் மிகப் பின்னால் வந்த பழக்கம்.
4. விளிம்பு கூராகவும் நிறம் ஒரே சீராகவும் இருந்தால் சந்தேகப்படலாம்.

பக்லர் செய்தது போன்ற வேலை பாதுகாப்பா, போலியா என்ற கேள்வி அந்த நூற்றாண்டிலேயே சூடானது. 1877இல் கலைஞரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கியதே இந்த வகை ‘மீட்டமைப்பை’ எதிர்த்துத்தான்: பழையதைச் செப்பனிடுங்கள், பழையது போல் புதிது செய்யாதீர்கள் என்றார். கொள்கையாக அவர் சொன்னது சரி. ஆனால் ஆக்ஸ்பரோவைப் பொறுத்தவரை, ஒரு தலைமுறை இடித்ததைப் பின்வந்த தலைமுறை காதலோடு தைத்திருக்கிறது. தையல் தெரிகிறது, அவ்வளவுதான்.

1951இல் வீடு கைமாறி இடிப்பின் விளிம்புக்கே போனது. சீமாட்டி சிபில் பெடிங்ஃபெல்டும் குடும்பத்துப் பெண்களும் தங்கள் சொந்த வீடுகளை விற்றுத் திரும்ப வாங்கினார்கள். 1952 முதல் அது, பழைய வீடுகளைக் காக்கும் அறநிறுவனமான நேஷனல் டிரஸ்டிடம் இருக்கிறது.

சுண்ணாம்பு ஏன் முக்கியம்

2016இல் கூரையிலிருந்து துருத்தி நின்ற ஜன்னல் ஒன்று அப்படியே முற்றத்தில் சரிந்து விழுந்தது. சோதித்துப் பார்த்தால் மற்ற கூரை ஜன்னல்கள், கூரை, புகைபோக்கிகள் எல்லாவற்றிலும் பழுது. செலவு 60 லட்சம் பவுண்டு.

பழைய செங்கல் வீட்டைப் பழுதுபார்ப்பதில் பெரிய பொறி சிமெண்ட். கையால் அறுத்த மென்மையான கல் மழையைக் குடிக்கும். அந்த ஈரம் வெளியேறும் வழி சுண்ணாம்புக் காரை; அது கல்லைவிட மென்மை, காற்றோட்டமும் உண்டு. பழைய காரையைச் சுரண்டிவிட்டு ‘கெட்டியாக இருக்கட்டும்’ என்று சிமெண்ட் பாயிண்டிங் செய்தால் வழி அடைபடும். ஈரம் கல்லின் முகம் வழியாகவே வெளியேறப் பார்க்கும். குளிரில் அது உறைந்து விரிய, கல்லின் முன்பக்கம் பொருக்கு பொருக்காக உதிரும். சில ஆண்டுகளில் இணைப்புகள் மட்டும் வலைபோல் முன்னே நிற்க, நடுவில் கல் குழிந்துபோன சுவரைப் பார்க்கலாம். கலவை கெட்டியாக இருந்ததுதான் அங்கே குற்றம். இழக்க வேண்டியது காரை, நிலைக்க வேண்டியது கல் என்பதே பழைய கொத்தனாரின் கணக்கு. தேய்ந்த காரையை மாற்றிக்கொள்ளலாம், 500 வயதுக் கல்லுக்கு மாற்று கிடையாது.

இந்தக் கூரை வேலையின்போதுதான் 2020 செய்தியில் வந்த பொருட்கள் கிடைத்தன. பைபிளின் 39ஆம் சங்கீதத்தின் பகுதி எழுதிய 15ஆம் நூற்றாண்டு ஏட்டுத்தாள், பொன்னும் நீலமும் மங்காமல். 1568ஆம் ஆண்டுப் பிரார்த்தனை நூல் ஒன்று, கூரைப் பொந்தில் ஏறக்குறைய முழுசாக. எலிகள் இழுத்துப்போய்க் கூடு கட்டிய எலிசபெத் காலப் பட்டும் வெல்வெட்டும். சாக்லேட் பெட்டி மட்டும் காலி. இவ்வளவும் ஏன் மக்கவில்லை என்றால், தரைப் பலகைகளுக்குக் கீழே நூற்றாண்டுகளாக உதிர்ந்து தங்கிய சுண்ணாம்புச் சாந்தின் தூசி, குப்பையில் இருந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது.